சேப்பாக்கம் வளாகம்: தேர்வு நடத்த மட்டும் பிறந்த ஒரு பல்கலைக்கழகம்

நேப்பியர் பாலம் தாண்டித் தெற்கே வரும்போது வலது கைப் பக்கம் வரிசையாக நிற்கும் சிவப்புக் கட்டடங்கள் எல்லாம் ஒரே கல்லூரிதான் என்று நினைப்பவர்கள் சென்னையிலேயே நிறையப் பேர். உண்மையில் அங்கே மூன்று தனித்தனி வீட்டுக்காரர்கள். கூவத்தின் தென்கரையிலிருந்து வாலாஜா சாலை வரை சென்னைப் பல்கலைக்கழகம். வாலாஜா சாலைக்குத் தெற்கே சேப்பாக்கம் அரண்மனை, பொதுப்பணித்துறை, எழிலகம் என்று அரசு அலுவலகங்கள். அதற்கும் தெற்கே மாநிலக் கல்லூரி. கல்லூரி அரசினுடையது. பல்கலைக்கழகத்தோடு இணைப்பு பெற்றது என்பது தவிர, நிர்வாகத்திலோ நிலத்திலோ இரண்டுக்கும் பங்கு கிடையாது. கடிகாரத்தை வைத்து அடையாளம் சொல்வதிலும் இதே குழப்பம்: மாநிலக் கல்லூரியின் குவிமாடத்தில் இருப்பது 1940-இல் வைத்த ஃபைசன் கடிகாரம். பல்கலைக்கழகத்தின் கடிகாரக் கோபுரம் வேறு, வாலாஜா சாலைக்கு வடக்கே.

இந்த வளாகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு உடனே தோன்ற வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் தனக்கென்று முதலில் எழுப்பிய பெரிய கட்டடம் ஏன் ஒரு மண்டபம்? ஏன் வகுப்பறை இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை, விடுதி இல்லை? அந்த மண்டபமான செனட் ஹவுஸின் அழகைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. பதில் எளிது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தும் வேலையே இல்லை.

1854-இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடங்களிலும் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து ஒரு அமைப்பை உண்டாக்கச் சொன்னது. அன்றைய லண்டன் பல்கலைக்கழகம் என்பது தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அலுவலகம். படிப்பது கல்லூரிகளில். பல்கலைக்கழகம் பாடத்திட்டம் வகுக்கும், வினாத்தாள் போடும், திருத்தும், பட்டம் தரும். கல்கத்தாவுக்கு ஜனவரி 24, பம்பாய்க்கு ஜூலை 18, சென்னைக்கு செப்டம்பர் 5 என்று 1857-க்குள் மூன்றுக்கும் சட்டம் வந்துவிட்டது. வடக்கே சிப்பாய்க் கலகம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு.

சென்னை மக்கள் கேட்டது இதுவல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1839 நவம்பரில், சுமார் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்றை அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் வழியாக ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் கொடுத்தார்கள். கேட்டது ஆங்கிலக் கல்வி தரும் உயர்கல்வி நிலையம். அதற்குப் பதிலாக 1841-இல் கிடைத்தது ஓர் உயர்நிலைப் பள்ளி. ஈ. பி. பவல் தலைமையில் நடந்த அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1855-இல் மாநிலக் கல்லூரி ஆனது. ஆக, இந்தக் கடற்கரையில் கல்லூரிதான் மூத்தது, பல்கலைக்கழகம் இளையது.

தேர்வு நிலையம் என்பதற்கு நல்ல சான்று முதல் பட்டதாரிகளே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் சி. வை. தாமோதரம் பிள்ளை, கறல் விசுவநாத பிள்ளை இருவரும். இருவருமே யாழ்ப்பாணத்தார், வட்டுக்கோட்டை செமினரியில் உருவானவர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு ஒரு வகுப்புகூட எடுக்கவில்லை. தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். தாமோதரம் பிள்ளை பின்னால் சங்க நூல்களையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தது நாம் அறிந்ததே.

இப்படிப்பட்ட அமைப்புக்கு வேண்டியது ஒரு பதிவாளர் அலுவலகமும், தேர்வெழுதவும் பட்டமளிப்புக்கும் ஒரு பெரிய கூடமும். கூடம் இல்லாத முதல் இருபது ஆண்டுகளில் பட்டமளிப்பு நடந்தது அரசு விருந்து மண்டபத்தில், அதாவது இன்றைய ராஜாஜி மண்டபத்தில்.

இனி நிலம். 1768-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது சேப்பாக்கம் அரண்மனை. கட்டியவர் பால் பென்ஃபீல்டு என்பது பொதுவான கருத்து. அதன் வளாகம் 117 ஏக்கர்: வடக்கே கூவம், தெற்கே பைகிராப்ட்ஸ் சாலை, மேற்கே பெல்ஸ் சாலை, கிழக்கே கடல், சுற்றிலும் மதில். 1855-இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும், வாரிசில்லாத ஆட்சியை ஆங்கிலேயரே எடுத்துக்கொள்ளலாம் என்ற டல்ஹவுசியின் அவகாசியிலிக் கொள்கையைக் காட்டி நவாப் பட்டத்தையே ஒழித்தார்கள். கடனுக்காக அரண்மனை ஏலத்துக்கு வந்தது. வாங்கியது அரசே. ஒரே கையெழுத்தில் நகரின் நடுவே, கடற்கரையை ஒட்டி, இவ்வளவு பெரிய காலி இடம் அரசின் கைக்கு வந்துவிட்டது. இன்று கிரிக்கெட் மைதானம், எழிலகம், கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாம் நிற்பது இந்த நிலத்தில்தான். கூவம் முகத்துவாரத்துப் பக்கம் நவாபின் எண்கோண வடிவ மரைன் வில்லா ஒன்று இருந்தது. பிற்காலத்தில் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்காக அதையும் இடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், செனட் ஹவுஸைக் கொண்டாடும்போது இந்த இடிப்பையும் ஒரு வரி சொல்லிவிடுவதே நியாயம்.

1864-இல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் சேர்த்து அரசு வடிவமைப்புப் போட்டி வைத்தது. வந்தவை 17. தேர்வானது ராபர்ட் ஃபெலோஸ் சிஷோமுடையது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட ஆகவில்லை. கல்லூரி 1870-இல் திறக்கப்பட்டது. செனட் ஹவுஸ் 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. இரண்டையும் ஒருவரே வரைந்தார் என்றாலும் ஒப்பிட்டுப் பார்த்தால் கை மாறியது தெரியும். கல்லூரியில் இத்தாலியச் சாயல் தூக்கல். செனட் ஹவுஸில் பைசாந்தியக் குவிமாடமும் இஸ்லாமிய வளைவும் உள்ளூர்ச் செதுக்கு வேலையும் கலந்து நிற்கின்றன. இடையில் அவர் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலுக்கும் உமாயூன் மகாலுக்கும் நடுவே ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார். அரண்மனைக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் கட்டடம் அரண்மனையோடு பேச வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததாகத்தான் எனக்குப் படுகிறது.

பெரிய கூடத்தின் அளவு சுமார் 130 அடி நீளம், 58 அடி அகலம், 54 அடி உயரம். உள்ளே நடுத்தூண் கிடையாது. நான்கு மூலைக்கும் நான்கு கோபுரங்கள். கிழக்கிலும் மேற்கிலும் செதுக்கிய போதிகைகளோடு (தூண்களின் தலைப்பகுதி) கல்தூண் தாழ்வாரங்கள். இந்தத் தாழ்வாரங்களை அலங்காரம் என்று கடந்துவிடக் கூடாது. கூடத்துச் சுவரில் நேர் வெயில் விழாமல் தடுப்பது அவைதான். உயரத்தில் இருக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் வழியே வெளிச்சம் வரும், சூடு மேலேயே தங்கிவிடும். மின்விசிறி இல்லாத காலத்தில் நூற்றுக்கணக்கானோர் கருப்பு அங்கி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டிய இடம் என்பதை நினைத்துப் பாருங்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை பொறுப்பேற்றபோது சென்னைச் சட்டமன்றம் சில மாதங்கள் கூடியதும் இதே கூடத்தில். அவ்வளவு பேரைத் தாங்கும் வேறு கூடம் அப்போது ஊரில் அதிகமில்லை.

சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தது ரொம்பத் தாமதமாக. 1904-ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் பேராசிரியர்களை நியமிக்கவும் ஆராய்ச்சி நடத்தவும் அதிகாரம் கொடுத்தது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. 1913-இல் துறைமுகத்தில் எழுத்தராக மாதம் 30 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது பல்கலைக்கழகம். பட்டம் இல்லாத ஒருவருக்கு, பட்டம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த நிறுவனம், விதியைத் தளர்த்திக் கொடுத்த பணம் அது. 1914-ஐ ஒட்டித்தான் முறையான துறைகள் வந்தன: இந்திய வரலாறும் தொல்லியலும், அதற்கு எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார். ஒப்பியல் மொழிநூல், அதற்கு மார்க் காலின்ஸ். இந்தியப் பொருளியல், அதற்கு கில்பர்ட் ஸ்லேட்டர். பல்கலைக்கழகம் பிறந்து 57 ஆண்டுக்குப் பிறகு. அதற்குப் பின்தான் அறைகள் தேவைப்பட்டன, வளாகம் வளாகமானது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939-இல் பின்னிணைப்பாகவும் வந்த தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி இந்தக் காலத்தின் விளைச்சல். 1926-இலிருந்து அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை.

அந்தக் காலத்துக் கட்டடங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது செனட் ஹவுஸ் அல்ல, 1936 செப்டம்பரில் திறந்த நூலகம். 1907-இலிருந்து பல்கலைக்கழக நூல்கள் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. 1924-இல் முதல் நூலகராக வந்தவர் சீ. இரா. அரங்கநாதன், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதுவரை நடைமுறை என்ன? வாசகர் சீட்டு எழுதிக் கொடுப்பார், ஊழியர் உள்ளே போய் எடுத்து வருவார். புத்தகம் இருக்கிறதா என்பதே ஊழியருக்குத்தான் தெரியும். அரங்கநாதன் அலமாரிகளைத் திறந்துவிட்டார். திறந்துவிட்டால் என்ன கெடும்? வாசகர் எடுத்த நூலைத் தப்பான இடத்தில் சொருகிவிட்டுப் போவார். தப்பான இடத்தில் சொருகிய நூல் தொலைந்த நூல். ஆகவே அலமாரி வரிசை யாருக்கும் புரியும்படி இருக்க வேண்டும், ஊழியர் தினமும் வரிசை சரிபார்க்க வேண்டும், எடுத்த நூலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். இன்றுவரை நல்ல நூலகங்கள் செய்வது இதைத்தான்.

வரிசைக்காக அவர் உண்டாக்கியது 1933-இல் வெளியான கோலன் பகுப்பு, நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண்ணிடும் முறை. அதற்கு முன்பே இருந்த டூயி பகுப்பு முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் பட்டியலில் இருக்கும். பட்டியலில் இல்லாத பொருள் வந்தால் திண்டாட்டம். அரங்கநாதன் பொருளைத் துண்டுகளாக்கினார். "1950-களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே சிகிச்சை" என்று ஒரு நூல் என்றால் மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, காலம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய குறியை எடுத்து, நடுவே நிறுத்தக்குறிகள் போட்டுக் கோக்க வேண்டும். துண்டுகளின் வரிசை மாறக் கூடாது, அதுதான் சூத்திரம். மாறினால் ஒரே பொருள் இரண்டு அலமாரிக்குப் போய்விடும். எண் நீண்டு முதுகுச் சீட்டில் அடங்காமல் போவது இதன் உண்மையான குறை. வெளிநாட்டு நூலகங்கள் பெரும்பாலும் இதை எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பொருளைக் கூறுபோட்டுப் பார்க்கும் அந்த யோசனை இன்று எல்லா இடத்திலும் பரவிவிட்டது. கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பல்லாண்டு பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில்தான் இருந்தது. பழைய ஆய்வு நூல்களின் முன்னுரையில் சேப்பாக்கம் என்று இருப்பதை நம்பி ஓலைச்சுவடி தேடி இங்கே வராதீர்கள், அது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விட்டது.

பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது எப்படி என்பதில் ஒரு விஷயத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். செனட் ஹவுஸ் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, பல்கலைக்கழகத்தின் 150-ஆவது ஆண்டை ஒட்டி 2006-07-இல் சீரமைக்கப்பட்டது. வாலாஜா சாலையைத் தாண்டினால் கலச மகால், 2012 ஜனவரியில் தீயில் எரிந்து, பிறகு சுண்ணாம்பு வேலைப்பாட்டோடு திரும்பக் கட்டப்பட்டது. இரண்டும் கடலிலிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றுதான் முதல் எதிரி, சிமென்ட் இரண்டாவது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் ஈரத்தை இழுக்கும், விடும். உப்பும் ஈரத்தோடு உள்ளே போய், காயும்போது பூச்சின் மேல்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். துடைத்து, நாளடைவில் பூச்சை மாற்றினால் சுவர் தப்பிவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. உப்பு சிமென்டுக்கும் செங்கலுக்கும் நடுவே படிகமாகிப் பருக்கும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும், விழும்போது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஒப்பந்தக்காரர்கள் "கெட்டியா இருக்கும்" என்று சொல்லி சிமென்ட் போடுவதற்குக் காரணம் வேறு: சிமென்ட் மறுநாளே இறுகும், சுண்ணாம்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பளிங்கு போல மின்னும் பழைய மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு மூன்று அடுக்கு. முதல் அடுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ஒன்றரைப் பங்கு மணல், அரை அங்குல கனம். இரண்டாவது, சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்பு மூன்று பங்குக்கு நுண்மணல் ஒரு பங்கு. மூன்றாவதில் நாலுக்கு ஒன்று, அம்மியில் வெண்ணெய் பதத்துக்கு அரைத்தது. இந்தக் கடைசிக் கலவையில் ஒரு புஷலுக்கு, அதாவது ஏறக்குறைய 36 லிட்டருக்கு, 10 அல்லது 12 முட்டையின் வெள்ளைக்கரு, 225 கிராம் நெய், ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடத் தயிர் என்பது பழைய கணக்கு. பூசி, ஈரம் இருக்கும்போதே மாக்கல் தூளைத் தூவி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். தேய்ப்பை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் திட்டு விழும், பிறகு போகாது.

கூரை இன்னொரு தலைவலி. அந்தக் காலச் சென்னைக் கட்டடங்களின் மட்டக்கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களை ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து, அவற்றின் மேல் ஓர் அங்குல கனமுள்ள சின்னத் தளச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் மூன்று நான்கு அங்குலம் செங்கல் ஜல்லி. பொதுப்பணித்துறைக் கணக்கில் 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணல் கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிக்க வேண்டும். கட்டை எம்பிக் குதிக்கும் வரை அடிப்பது பதம். அதன் மேல் தட்டையான ஓடு பதிப்பார்கள்.

இது கெடுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, ஓரத்தில். சட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கி மரம் உளுத்துவிடும், கீழேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒழுகல் வந்ததும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு தளம் போடுவது அடுத்த தவறு. நான்கு அங்குலக் கூரை எட்டு அங்குலமாகும், பாரம் இரட்டிக்கும், உளுத்த முனை முறியும். வடிகால் வாயில் அரசங்கன்று முளைத்தால் தண்டை வெட்டிப் பயனில்லை. வேர் இன்னும் தடித்துச் சாந்தைப் பிளக்கும். அந்த இணைப்பைத் திறந்து வேரை முழுசாக எடுத்து, திரும்பச் சுண்ணாம்பால்தான் அடைக்க வேண்டும்.

சேப்பாக்கத்தில் இடம் தீர்ந்தது சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு துணைவேந்தராக இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் காலத்தில் அறிவியல் துறைகள் கிண்டிக்கு நகர்ந்தன. அழகப்பச் செட்டியார் கொடையால் 1944-இல் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரி அங்கே ஏற்கெனவே இருந்தது. இந்த இடமாற்றத்தால் நன்மையும் வந்தது. 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன் தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை ஆராய்ந்தபோது, கங்காரு வால் தசைநாண் கிடைத்தது பக்கத்திலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து. 1954-இல் முடிவு வெளியானது. சேப்பாக்கத்திலேயே இருந்திருந்தால் அது இவ்வளவு சுலபமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

மறுபக்கம், அதிகார எல்லை சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க இங்கே தேர்வெழுதியது. மைசூர் 1916-லும், ஆந்திரா 1926-லும், திருவிதாங்கூர் 1937-லும், மதுரை 1966-லும் தனியாகப் போயின. கிண்டிப் பொறியியல் கல்லூரி முதலான சில கல்லூரிகள் 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு, மற்ற பொறியியல் கல்லூரிகள் 2001-ஐ ஒட்டி அதற்கே, மருத்துவமும் சட்டமும் பின்னால் அவற்றுக்கென வந்த பல்கலைக்கழகங்களுக்கு. கோவையும் திருச்சியும் 1982-இல்.

இப்போது வளாகம் ஆறு. சேப்பாக்கத்தில் நிர்வாகம், தேர்வுப் பிரிவு, நூலகம், தொலைதூரக் கல்வி, சமூக அறிவியல் துறைகள், ராமானுஜன் உயர்கணித நிறுவனம். தமிழ் முதலான மொழித் துறைகள் அதே சாலையில் தெற்கே மெரினா வளாகத்தில். அறிவியல் கிண்டி. அடிப்படை மருத்துவ அறிவியல் தரமணி. மதுரவாயலில் தாவரவியல் களநிலையம், சேத்துப்பட்டில் விளையாட்டுத் திடல். சான்றிதழ் வேலையாக வெளியூரிலிருந்து வருபவர்கள் முகவரியில் "சென்னைப் பல்கலைக்கழகம்" என்று மட்டும் பார்த்து, கிண்டிக்கு அண்ணா பல்கலைக்கழகம் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. தேர்வு, பட்டம், மதிப்பெண் என்றால் சேப்பாக்கம்தான். பொறியியல் பட்டம் என்றால், அதை எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது என்று பார்த்துவிட்டு வாருங்கள்; அண்ணா பல்கலைக்கழகம் கொடுத்தது என்றால் இங்கே வரவே வேண்டாம்.

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்தில் இறங்கி வாலாஜா சாலையில் கடலை நோக்கி நடந்தால், செனட் ஹவுஸ் இடது கைப் பக்கம் வரும். படம் எடுப்பவர்கள் காலை ஒன்பதுக்குள் கிழக்குப் பக்கம் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் முன்முகம் நிழலில் விழுந்துவிடும். உள்ளே கூடத்தைப் பார்க்க அனுமதி தேவை, நிகழ்ச்சி இருக்கும் நாளில்தான் பெரும்பாலும் கதவு திறந்திருக்கும். கிரிக்கெட் மேட்ச் நாளில் வாலாஜா சாலையில் தடுப்பு போட்டுவிடுவார்கள். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக் காலைகளில் காமராஜர் சாலையில் போக்குவரத்து மாற்றம் இருக்கும். சான்றிதழ் வேலையை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.